நான்கு முனை

கப்பல்காரர்களின் சுற்றுலாப் பேருந்துக்கு
ஆளுக்கு எழுபத்தொன்பது யூரோ.
"நடந்தே பார்த்துக்கொள்ளலாம்,
ஊர் என்ன எழுந்து ஓடிவிடவா போகிறது"
என்றார் தயாளன்.
ஜெனோவா. காலை எட்டேமுக்கால்.
நாலரைக்குள் ஏறிவிட வேண்டும் என்று
ஒலிபெருக்கி ஐந்து மொழிகளில் மிரட்டியது.

தூண்கள்மேல் ஓடும் நெடுஞ்சாலையின் நிழலைத் தாண்டியதும்
ஊர் சட்டென்று ஒடுங்கிக்கொள்கிறது.
கை இரண்டையும் விரித்தால் இரு வீட்டுச் சுவர்.
ஆறு மாடிக்கு மேலே ஒரு கீற்று வானம்,
அதிலும் பாதியை
யாருடைய சட்டையோ காயப்போட்டு எடுத்துக்கொண்டது.
கைபேசியின் நீலப் புள்ளி
எங்களைக் கடலுக்குள் காட்டியது.

அப்பா கையிலிருந்த வரைபடத்தை நிலானி பிடுங்கினாள்.
அவர் திரும்பப் பிடுங்கினார்.
பதினேழு வயதும் ஐம்பத்திரண்டு வயதும்
மீன்கடை வாசலில்
ஒரே முகத்தை வைத்துக்கொண்டு முறைத்தன.
கடைக்காரர் நெத்திலியைத் தராசில் போட்டபடி
யார் பக்கம் சாய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூன்று சந்து இருக்கிறது," என்றேன்,
"ஆளுக்கொன்று.
இரண்டு மணிக்கு, மேட்டுக்கு ஏறும் அந்த லிஃப்ட் வாசலில்."
சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

நான் எங்கே இருக்கிறேன் என்று
யாருக்குமே தெரியாத நேரம்
கடைசியாக எப்போது வாய்த்தது?
எண்ணிக்கொண்டே நடந்தேன்.
பத்தொன்பது வருஷத்தில் போய் நின்றது.

பளிங்கு மாளிகைகள் மட்டுமே உள்ள தெரு ஒன்று உண்டாம்.
எனக்கு அது அகப்படவில்லை.
அகப்பட்டது,
சுவர்முனையில் கண்ணாடிக்குள் ஒரு மாதா,
அவள் காலடியில் யாரோ விட்டுப்போன சிகரெட் பெட்டி,
அப்புறம் சோப்பு வாசனை.

காசு போட்டால் துவைத்துத் தரும் கடை.
உள்ளே ஒருத்தி
இரட்டைக் கட்டில் விரிப்போடு தனியாக மல்லுக்கட்டினாள்.
என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.
வேறு மொழியில் இன்னொரு முறை சொன்னாள்.
பிறகு மோவாயால்
எதிர்முனைகளைக் காட்டினாள்.

பிடித்தேன்.
விலகினோம். உதறினோம்.
நெருங்கி வந்தோம்.
விரல்கள் முட்டிய இடத்தில்
என் முனைகளை அவள் வாங்கிக்கொண்டாள்.
குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு
மறுபடி விலகினேன்.

பதினான்கு விரிப்புகள்.
எங்களைப் போல வந்து தங்குபவர்கள்
கசக்கிவிட்டுப் போனவை.

யதீரா என்றாள். குவாயாகில் என்றாள்.
அதுவும் துறைமுகம்தான் என்பதற்கு
கன்னத்தை உப்பி, கப்பல் போல ஒருமுறை ஊதினாள்.
நான் ஈரோடு என்றேன்.
அது போர்வை விற்கும் ஊர் என்று
எப்படிச் சொல்ல?
கையிலிருந்த விரிப்பைத் தட்டித் தட்டிக் காட்டினேன்.
என் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டாள் போல,
"ஈரோது, ஈரோது" என்று கூப்பிட்டே வேலை வாங்கினாள்.

எண்ணெய் மினுங்கும் உப்பு ரொட்டியைப்
பால்காபியில் முக்கித் தின்கிறார்கள் இங்கே.
பாதி பிய்த்துக் கொடுத்தாள்.
முதல் வாய் குமட்டியது.
மூன்றாவது வாய்க்கு ரொட்டி இல்லை.

லிஃப்ட் வாசலில்
தயாளன் மீசையில்லாமல் நின்றார்.
முடிதிருத்துபவருக்கு மொழி புரியவில்லையாம்.
புரிந்திருக்கும்.
"தேவாலயத்துக்குள்ளே ஒரு குண்டும்மா,
போரில் விழுந்து, வெடிக்காமலே,
பூச்சாடி மாதிரி ஓரமா நிக்குது" என்ற நிலானி
அப்பாவின் மேலுதட்டைப் பார்த்து
பாதியில் நிறுத்தினாள்.
அப்புறம் சிரித்தாள் பாருங்கள்,
லிஃப்டில் இருந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும்
அது தொற்றும் அளவுக்கு.

மேலிருந்து பார்த்தால்
சாம்பல் கூரைகள், மணிக்கூண்டுகள்,
அவை எல்லாவற்றையும்விட உயரமாக, வெட்கமில்லாமல்,
எங்கள் கப்பல்.
"நீ என்ன பார்த்தாய்?" என்றார்.
"ஒன்றுமில்லை. சும்மா நடந்தேன்."

இரவு, அறையில்
கட்டில் விரிப்பைச் சுருக்கமின்றித்தான் போட்டிருந்தார்கள்.
இரண்டு முனைகளை உருவிக்கொண்டு நின்றேன்.
மேலுதட்டில் வெளிர்ந்த கோடுள்ள
யாரோ புதிய ஆள் ஒருவர்
எதற்கு என்று கேட்காமல்
எதிர்ப்பக்கம் போனார்.